பக்கத்தில் நிற்க ஒரு சிஸ்டர்



தாம்பரத்தில் ஒரு சபைக்கு நாங்கள் சென்றிருந்தோம். ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "நர்சிங் பிள்ளைகளுக்குத்தான் காலேஜ் இருக்கே, டீச்சர் இருக்காங்களே. அப்புறம் வார்டுல சொல்லிக்கொடுக்கத் தனியா ஆள் எதுக்குங்க?" அவர் பல வருடங்களாக நம் பணியைத் தாங்கி வருகிறவர். குறை சொல்லக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கலாம். ஆகவே நர்சிங் மாணவிகளும், பிரசவம் பார்க்கப் படிக்கிற பிள்ளைகளும் வார்டில் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இருபது பிரசவங்கள்

நம் நாட்டில் நர்ஸ் ஆவதற்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ. மற்றொன்று நான்கு வருட பி.எஸ்ஸி. நர்சிங். இரண்டிலும் பிரசவப் படிப்பு சேர்ந்தே வருகிறது. படிப்பை முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்கிறபோது, ஒருவர் நர்ஸாகவும் பிரசவம் பார்க்கத் தகுதி பெற்றவராகவும் ஒரே நேரத்தில் பதிவாகிறார்.

பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த பி.எஸ்ஸி. பாடத்திட்டம், ஒரு மாணவி இருபது சுகப்பிரசவங்களைத் தன் கையால் பார்த்து கேஸ் புக்கில் எழுத வேண்டும் என்று கேட்டது. பிரிட்டனில் பிரசவப் படிப்பு தனிப் படிப்பு. அங்கே நாற்பது கேட்கிறார்கள். எண்ணிக்கை அவசியம்தான், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இருபது பிரசவத்துக்கு அருகில் நின்றவள் எல்லாம் இருபது பிரசவத்தைக் கற்றவள் அல்ல. இதை வார்டில் வேலை செய்கிற எவரும் சொல்வார்கள்.

கூட்டமான பிரசவ அறையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு தாய் படுத்திருக்கிறார். சுற்றிலும் ஐந்தாறு மாணவிகள். ஒவ்வொருத்திக்கும் கேஸ் புக்கில் ஓர் எண் வேண்டும். கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால், தேவையில்லாமல் பலர் அந்தத் தாயைப் பரிசோதிக்கிறார்கள். அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை. புத்தகத்தில் எண் ஏறுகிறது. ஆனால் மாணவியின் கைக்கு ஒன்றும் ஏறுவதில்லை, தாய்க்கோ வேதனையும் வெட்கமும்தான் மிஞ்சுகிறது.

கல்லூரியில் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அந்தப் பத்துப் பேரும் காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிஃப்டுகளிலும் நான்கு வார்டுகளிலும் பிரிந்து நிற்கும்போது, அந்த ஓர் ஆசிரியர் எங்கே நிற்பார்? இரவு இரண்டு மணிக்குக் குழந்தை பிறக்கும்போது டியூட்டர் வீட்டில் இருப்பார். அப்போது மாணவியின் பக்கத்தில் நிற்க வேண்டியவர் அந்த வார்டின் மூத்த நர்ஸ்தான்.

கை எப்படிக் கற்கிறது?

சில காரியங்களைப் புத்தகம் சொல்லும், ஆனால் கற்றுத்தராது. பிரசவ வலியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி நீடிக்கிறது என்று குறிக்க வேண்டும். புதிய மாணவி தாயின் முகத்தைப் பார்த்து எண்ணுவாள். மூத்த சிஸ்டர் அவள் கையை எடுத்துத் தாயின் வயிற்றின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைப்பார். "பேசாதே, காத்திரு" என்பார். தாய் முனகுவதற்கு முன்பே வயிறு இறுகுவது கைக்குத் தெரியும். ஒரு முறை தெரிந்துவிட்டால் பிறகு அது மறக்காது.

குழந்தையின் இதயத் துடிப்பும் அப்படியே. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும் என்று எல்லா மாணவிகளும் ஒப்பிப்பார்கள். வலி முடிந்த உடனே, துடிப்பு சற்று இறங்கி மீள்கிறதா அல்லது இறங்கியபடியே நிற்கிறதா என்று கேட்கப் பழகுவதற்கு, பக்கத்தில் நின்று "இப்போது கேள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகுதான் பெரிய கவனம் தேவை. வெளியே உறவினர்கள் மகிழ்ச்சியோடு நிற்பார்கள். மாணவிகளின் கண் எல்லாம் குழந்தையின் மேல் இருக்கும். மூத்த சிஸ்டரின் கண் மட்டும் தாயின் மேல் இருக்கும். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி, நஞ்சுக்கொடி முழுவதும் வந்ததா என்ற சோதனை, பிறகு இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பது என்று வேலை இருக்கிறது. கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாக இருந்தால் நல்லது. பிசைந்த மாவு போல மெத்தென்று இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அரை லிட்டருக்கு மேல் போனால் அது அதிக ரத்தப்போக்கு. நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவர்களால் அந்த அரை லிட்டரைக்கூடத் தாங்க முடியாது.

அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. இது பெரிய ஆசீர்வாதம். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறக்கும் தாய்மார் எண்ணிக்கை இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ஆனாலும் இதில் ஒரு பொறுப்பு அடங்கியிருக்கிறது. தாய்மார் எல்லாரும் நம்மை நம்பி வந்துவிட்டார்கள். ஆகவே இனி அவர்கள் உயிர், கட்டிலருகே நிற்கிற நர்ஸின் கையில் இருக்கிறது.

திண்டிவனத்தில் ஓர் இரவு

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போனால் திண்டிவனம். 1890களில் அங்கே ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக ஒரு மிஷனெரி வீட்டின் கதவைத் தட்டினார்கள். அவர்களுடைய இளம் மனைவிகள் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆண் மருத்துவர் வந்து பார்ப்பதை அவர்கள் வழக்கம் அனுமதிக்கவில்லை. அந்த வீட்டிலிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்தவர் அல்ல. விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்தார்கள். இந்தச் சம்பவமே ஐடா அம்மையாரை மருத்துவம் படிக்க அனுப்பி, வேலூருக்குத் திரும்பக் கொண்டுவந்தது என்பது நம்மில் பலருக்கும் தெரிந்த சாட்சி.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். டாக்டர் ஒருவர் போதாது என்று அவர் கண்டார். 1909இல் வேலூரில் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. அதாவது டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது வருடம் முன்பே அவர் நர்சுகளை உருவாக்க ஆரம்பித்துவிட்டார். 1946இல் அங்கே பி.எஸ்ஸி. நர்சிங் தொடங்கியது. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதன்முதலாகத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

சென்னைக்கு இதில் இன்னும் பழைய வரலாறு உண்டு. பிரசவம் பார்க்கும் பெண்களுக்கான அரசுப் பயிற்சி 1854லேயே இங்கே அனுமதிக்கப்பட்டது. 1871இல் பொது மருத்துவமனையில் நர்சுகளுக்கான பயிற்சி தொடங்கியது. பிரசவப் பயிற்சி முன்பும் நர்சிங் பின்புமாக இந்த ஊரில் வளர்ந்தன.

நாங்கள் செய்த தவறு

இந்தப் பெருமையோடு ஒரு குறையையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிஷன் மருத்துவமனைகள் பல தலைமுறைகளாக மாணவிகளின் உழைப்பில் நடந்தன. படுக்கை விரித்தார்கள், குளிப்பாட்டினார்கள், இரவு வார்டைக் காத்தார்கள். அதை ஊழியம் என்றோம். ஊழியம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆள் குறைந்த இடத்தில் மாணவியை நிறுத்திவிட்டு, அதையே பயிற்சி என்று பெயரிட்ட நாட்களும் உண்டு. நாங்களும் அப்படிச் செய்தோம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு. வார்டில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ். அவர் பிரசவ அறைக்குள் ஒரு சிக்கலான கேஸில் இருந்தார். வெளியே ஒரு மாணவி தனியாக வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கு ஒரு முறை ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுத வேண்டும். மெஷின் சரியாக வேலை செய்யவில்லை. உள்ளே போய்க் கேட்க அவளுக்குப் பயம். முன்பு எழுதியிருந்த அளவையே மறுபடியும் எழுதினாள், இரண்டு முறை. அதிகாலையில் அந்தத் தாய்க்கு வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

காலையில் அந்த மாணவியைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. "கேட்டா திட்டுவாங்கன்னு பயந்துட்டேன்" என்றாள். தவறை அவள் கையில் மட்டும் வைக்க எங்களால் முடியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தாதது யார்? கேள்வி கேட்டால் திட்டு விழும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அந்தக் குடும்பத்திடம் நாங்கள் உண்மையைச் சொன்னோம். அவர்கள் அழுததை இன்னும் மறக்கவில்லை. அந்த இரவுக்குப் பிறகுதான் மாணவிகளின் பயிற்சியை முதலிலிருந்து திருத்த ஆரம்பித்தோம்.

இப்போது என்ன செய்கிறோம்?

முதலாவது, பிரசவ வார்டில் ஒவ்வொரு மாணவிக்கும் பெயர் சொல்லி ஒரு மூத்த சிஸ்டரைக் கொடுக்கிறோம். மாணவியின் ஷிஃப்டும் அந்த சிஸ்டரின் ஷிஃப்டும் ஒன்றாகவே இருக்கும். இரண்டாவது, மாணவியை ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. அவள் வராத நாளிலும் வார்டு நடக்க வேண்டும். மூன்றாவது, வழிகாட்டுகிற சிஸ்டருக்கு அந்த ஷிஃப்டில் நோயாளிகளைக் குறைத்துக் கொடுக்கிறோம். பத்துத் தாய்மாரைப் பார்த்துக்கொண்டு ஒரு மாணவிக்கும் கற்றுக்கொடு என்றால், இரண்டும் நடக்காது.

நான்காவது, ஷிஃப்டு முடிந்ததும் இருவரும் பத்து நிமிடம் உட்கார வேண்டும். இன்று எது புரிந்தது, எது பயமாக இருந்தது, எதைத் தெரியாமலே தெரிந்ததுபோல் செய்தாய் என்று சிஸ்டர் கேட்பார். அந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வர மூன்று வாரம் ஆகும். வந்துவிட்டால் அந்தப் பிள்ளை பாதுகாப்பான நர்ஸ் ஆகிவிடுவாள் என்று எங்களுக்கு நம்பிக்கை வருகிறது.

இது நாங்களே கண்டுபிடித்த முறை அல்ல. கர்நாடகத்தின் வட மாவட்டங்களில் அனுபவமுள்ள நர்சுகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு முறையாகச் சென்று, அங்குள்ள நர்சுகளோடு சேர்ந்து நின்று வழிகாட்டும் திட்டம் 2010க்குப் பிந்தைய வருடங்களில் நடந்தது. நல்ல பலன் தெரிந்தது. மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் 2017இல் பிரசவ அறைகளில் தரத்தையும் தாய்மாரை மரியாதையோடு நடத்துவதையும் வலியுறுத்தியது. 2018இல் வந்த அரசின் வழிகாட்டு நெறிகள், பிரசவத்துக்கென்றே பதினெட்டு மாதச் சிறப்புப் பயிற்சி பெற்ற நர்சுகளை உருவாக்க வழி செய்தன.

வராந்தாவுக்கு ஓடியவள்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு மாணவி, முதல் பிரசவத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டாள். முன்பெல்லாம் அவளுக்கு எல்லார் முன்பும் திட்டு விழுந்திருக்கும். அவளுக்குப் பொறுப்பான சிஸ்டர் பிரசவத்தை முடித்து, தாயைக் கவனித்துவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு வெளியே வந்தார். "பொண்ணு பொறந்திருக்கு. மூணு கிலோ. டீ குடிச்சிட்டு வாம்மா, அந்த அம்மா வயித்துல கை வெச்சுப் பாக்கணும், எனக்கு ஆள் வேணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று இரண்டு மணி நேரம் அவள் அந்தத் தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பவுலும் பர்னபாவும் ஊழியத்துக்குப் போனபோது, மாற்கு பாதியில் விட்டுவிட்டுத் திரும்பியது நமக்குத் தெரியும். பவுல் அவனை மறுபடியும் கூட்டிச் செல்ல விரும்பவில்லை. பர்னபா கூட்டிச் சென்றார். பிற்காலத்தில் அந்த மாற்கு தனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே எழுதி அனுப்பும்படி ஆயிற்று. வார்டில் எங்களுக்குத் தேவை பர்னபாக்கள்.

அந்த மாணவி ஐந்து வாரம் கழித்து ஒரு மாலையில் வேறொரு தாயின் அடிவயிற்றில் கை வைத்தாள். துணியில் ரத்தம் அதிகமாகத் தெரியவில்லை. ஆனாலும் உடனே, "சிஸ்டர், மெத்துனு இருக்கு!" என்று குரல் கொடுத்தாள். சிஸ்டர் ஓடிவந்தார், டாக்டர் வந்தார். தேய்த்துவிட்டு, மருந்து ஏற்றி, குளுக்கோஸ் போட்டு, அரை மணி நேரத்தில் ரத்தப்போக்கு நின்றது. அந்தத் தாய்க்கு வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். நடந்தது என்னவென்று அவருக்கு முழுதாகத் தெரியாது. அவர் நன்றி சொன்னது டாக்டருக்கு. மாணவி அதைப் பொருட்படுத்தவில்லை.

வாசற்படியில் படிப்பு

வார்டுக்கு வெளியேயும் பிள்ளைகள் படிக்கிறார்கள். சமுதாய நர்சிங் பயிற்சிக்கு முடிச்சூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கம் போகிறார்கள். சென்னையின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழ்கிற பெரும்பாக்கம் குடியிருப்புக்கும் போகிறார்கள். அங்கே அவர்களுக்கு வழிகாட்டி, சுகாதார நிலையத்து நர்ஸம்மா. பிக்மி எண் வாங்காத கர்ப்பிணி யார், இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவர் யார் என்று அவருக்கு வீட்டுக்கு வீடு தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று நீரில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தத் தெருக்களில் ஒரு மாணவி கற்கிற முதல் பாடம், நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிற வீட்டில் "மழை பெஞ்சா எந்த வழியா ஆஸ்பத்திரிக்கு வருவீங்க?" என்று கேட்பது. இந்தக் கேள்வி எந்தத் தேர்விலும் வருவதில்லை.

கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களும் இந்தப் புறநகரில் அதிகம். தமிழ் தெரியாத ஒரு தாய் வலியில் இருக்கும்போது சத்தம் போட்டால் புரிந்துவிடாது. மூத்த சிஸ்டர் ஒருவர் நான்கைந்து இந்தி வார்த்தைகளை எழுதி வைத்துக்கொண்டு, தாயின் கையைப் பிடித்துப் பேசுவதைப் பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். தாயிடம் கத்துவதும் வார்டில் பார்த்துக் கற்கிற பழக்கம்தான், கனிவும் அப்படியே. மாணவி எதைப் பார்க்கிறாளோ அதையே நாளை செய்வாள்.

உங்கள் பங்கு

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறோம். நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் ஒரு பகுதி, ஒரு மூத்த சிஸ்டரின் நேரத்தை விலைக்கு வாங்குகிறது. அவர் மாணவியோடு நிற்கிற நேரத்தில் அவருடைய நோயாளிகளைப் பார்க்க இன்னொரு நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதற்குக் கட்டடம் இல்லை, கல்வெட்டு இல்லை, போட்டோ எடுத்துக் காட்டவும் ஒன்றுமில்லை. ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கினால் உங்களுக்குக் காட்டலாம். ஒரு மாணவியின் கையின் மேல் இருக்கிற இன்னொரு கையை எப்படிக் காட்டுவது?

இன்னும் எங்களால் இரவு ஷிஃப்டுகள் எல்லாவற்றிலும் இதைச் செய்ய முடியவில்லை. நல்ல பயிற்சி பெற்ற சிஸ்டர்கள் வெளிநாடு போகிறார்கள். அவர்கள் குடும்பத் தேவை எங்களுக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் ஒருவர் போகும்போது அவருடைய இருபது வருட அனுபவமும் போய்விடுகிறது, அவர் அதை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகாவிட்டால்.

பார்வோன் காலத்தில் எபிரெயக் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாள் இருவரின் பெயரையும் வேதம் நமக்குச் சொல்கிறது. பார்வோனின் பெயரை அந்த இடத்தில் சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரோ ஒரு மூத்தவள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்திருப்பாள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வதுண்டு.

ஜெபிக்க உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறோம்: முதன்முதலாகப் பிரசவ அறைக்குள் போகிற பிள்ளைகளுக்காக. சோர்ந்துபோன நாளிலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற சிஸ்டர்களுக்காக. அன்று இரவு குழந்தையை இழந்த அந்தப் பெற்றோருக்காக. அவர்கள் பெயரை நாங்கள் எழுதவில்லை, கர்த்தர் அறிவார். அந்த இரவில் தனியாக நின்ற மாணவி படிப்பை விட்டுவிடவில்லை. அவள் இப்போது எங்கள் பிரசவ வார்டில் நர்ஸ். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளில் அவள் சொல்வது ஒன்றுதான்: "தெரியலைன்னா எந்நேரமானாலும் என்னைக் கூப்பிடு."



கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்